இரண்டு பயணச்சீட்டுகளும் ஒரு தூணும்

இரண்டு பேர் சேர்ந்து போய்வந்த பயணத்தின் நினைவு யாருக்குச் சொந்தம்? அதிலிருந்து ஒருவர் தன் பங்கை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டால், மற்றவரிடம் மிஞ்சுவதற்கு என்ன பெயர்? வரலாற்றில் பட்டம் வாங்கியவள் என்பதால் இப்படிப்பட்ட கேள்விகளை ஏதோ புத்தகத்திலிருந்து பொறுக்கிக்கொண்டு வருகிறேன் என்று நீங்கள் நினைக்கக்கூடும். இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், எங்கள் வீட்டுக் கூடத்தில், தட்டில் இரண்டாவது இட்லி பாதி இருக்கும்போது வந்த கேள்வி இது. அந்த இட்லியை நான் முடிக்கவில்லை. கேள்வியையும்தான்.

சென்ற வாரம் அது மறுபடி வந்தது. நான் வேலை பார்க்கும் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வண்டலூருக்கு அழைத்துப் போய்வந்த பிறகு, ஆளுக்கொரு நினைவேடு செய்துவரச் சொல்லியிருந்தோம். இப்போது அதற்கென்றே கடையில் ஏடு கிடைக்கிறது. விமானம், பெட்டி, இதயம் எல்லாம் ஒட்டுப்படங்களாகவே வந்துவிடுகின்றன. வண்டலூரில் புலி பார்த்த பிள்ளையின் ஏட்டில் ஈபிள் கோபுரம் நிற்கிறது. நான் மதிப்பெண் போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு ஏட்டைத் திறந்தபோது மட்டும் புளித்த கஞ்சியும் ஈரத் தாளும் கலந்த வாசனை எழுந்தது.

"கம்மு தீந்துபோச்சி மிஸ். எங்கம்மா மைதா காச்சிக் குடுத்தாங்க" என்றாள் அந்த ஏட்டுக்குரியவள், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதைப் போல.

அவளுக்குப் பத்துக்குப் பத்து போட்டேன். 

மைதாப் பசையை எளிதாக எண்ணிவிடக் கூடாது. கொதிக்கும்போது அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டுவிட்டால் பூச்சி அண்டாது. சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் அப்படித்தான் காய்ச்சுவார்கள். காய்ந்த பிறகு தாளைக் கிழிக்கலாமே தவிர உரிக்க முடியாது. இந்த ஞானத்தை எனக்கு அளித்தவள் கௌசல்யா. எங்கள் அடுத்த தெரு. ஒன்றாம் வகுப்பிலிருந்து கல்லூரி முடியும்வரை ஒரே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். பட்டம் வாங்கியதும் நான் போட்டித் தேர்வு வகுப்பில் சேர்ந்தேன். அவளும் சேர்ந்தாள், ஆனால் வாரநாட்களில் கூட்டுரோட்டில் இருந்த ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்கு வேலைக்குப் போனாள். ஏழெட்டு ஆண்டுகள் ஆகின்றன.

அந்த வேலையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கல்யாணப் படங்களைக் கணினியில் திருத்துவது அவள் பொறுப்பு. பரு எடுப்பாள், வழுக்கை மறைப்பாள், சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமாவின் திறந்த வாயை மூடுவாள். ஆனால் எங்கள் பக்கத்தில் இந்த ஸ்டுடியோக்களிடம் மக்கள் கேட்பது வேறொன்று. கல்யாணத்துக்குச் சில ஆண்டுகள் முன்பே இறந்துவிட்ட தகப்பனைக் குடும்பப் படத்தில் நிற்கவைத்துத் தர வேண்டும். ரேஷன் அட்டையில் இருக்கும் தபால்தலை அளவுப் படம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கௌசி அதைப் பெரிதாக்கி, கழுத்துக்குக் கீழே வேறு யாருடைய வேட்டி சட்டையையோ பொருத்தி, மணமகள் பக்கத்தில் நிறுத்துவாள். தோளில் விழும் வெளிச்சம் பொருந்துகிறதா என்று மட்டும் அரைநாள் பார்ப்பாள். படத்தை வாங்க வரும் தாய்மார்கள் ஸ்டுடியோ வாசலிலேயே உட்கார்ந்து அழுவார்கள்.

"செத்துப்போனவரையே பந்திக்குக் கூட்டியாந்துட்டேன்டி. உன் மூக்கச் சின்னதாக்க மாட்டனா?" என்பாள் என்னிடம்.

என் மூக்கு இருந்தபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். உண்மைக்கு மாறாக எதையும் ஆவணப்படுத்தக் கூடாது என்று அப்போது எனக்கொரு கொள்கை இருந்தது. அந்த வயதில் எனக்கு இருந்த கொள்கைகளை எண்ணினால் இன்று சிரிப்பு வருகிறது. சமுதாயத்துக்கு ஏதாவது செய்தே தீர வேண்டும் என்ற பரபரப்போடு காலையில் எழுந்து, பல் தேய்க்கும்போதே அதைச் செய்ய முடியாமற்போன வருத்தத்தையும் தொடங்கிவிடுவேன். கௌசி என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். பிற்காலத்தில் அதுவே வேலையாகவும் வாய்த்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு பதினொரு மணிக்கு முடிந்துவிடும். நாலு மணிவரை நடக்கும் என்று இரண்டு வீட்டிலும் சொல்லியிருந்தோம். இதை நான் நியாயப்படுத்த வரவில்லை. அந்த ஐந்து மணி நேரத்தில் எந்தப் பேருந்து முதலில் வருகிறதோ அதில் ஏறுவோம். அவ்வளவுதான் எங்கள் குற்றம். பெரிய தூரமெல்லாம் இல்லை. சிங்கவரம் மலைக்கோயிலுக்குப் போய்ப் படியேறி, தூறலில் நனைந்து, இறங்கும்போது வயல் ஓரத்தில் பிடுங்கிப் போட்டிருந்த வேர்க்கடலைச் செடியிலிருந்து பச்சைக் கடலையை உரித்துத் தின்றுகொண்டு வந்தோம். அந்தச் செடியின் மஞ்சள் பூ ஒன்றைக் காயவைத்துத்தான் எங்கள் ஏட்டின் முதல் பக்கத்தில் ஒட்டினேன்.

ஏடு என்று சொல்கிறேனே, அது உண்மையில் ஒரு கல்யாண ஆல்பம். அட்டையின் நிறம் பிடிக்கவில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் திருப்பிவிட்டது. உள்ளே கனத்த கறுப்புத் தாள்கள், படங்களைச் செருக நான்கு மூலைக் காகிதங்கள், வெளியே தங்க எழுத்தில் 'இனிய இல்லறம்'. ஊர் சுற்றிய கதைக்கு அப்படி ஒரு தலைப்பு.

ஒவ்வொரு பக்கத்துக்கும் நான் விதி வகுத்திருந்தேன். மேலே ஊர்ப் பெயர். அதன் கீழே இரண்டு பயணச்சீட்டுகள், அவளுடையது ஒன்று, என்னுடையது ஒன்று, மைதாப் பசையில் பக்கம் பக்கமாக. நடுவில் அங்கிருந்து கொண்டுவந்த ஏதாவது ஒரு பொருள். கௌசி அச்சிட்டுத் தரும் படம் மூலைக் காகிதத்தில். மீதி இடமெல்லாம் வெள்ளை மையில் என் எழுத்து. எந்தப் பேருந்து, எத்தனை மணி, எப்படிப்பட்ட வெயில், யார் என்ன பேசினார்கள் என்று ஒன்று விடாமல் எழுதுவேன். ஒன்று மட்டும் எழுதியதில்லை.

"பேரு போடாதடி. எங்கண்ணன் கண்ணுல பட்டா வம்பு" என்று முதல் நாளே கௌசி சொல்லிவிட்டாள்.

எனவே ஏடு முழுவதும் நாங்கள் போனோம், நாங்கள் வந்தோம், நாங்கள் நனைந்தோம்.

சீயமங்கலத்துக்குப் பேருந்து மாறிப் போய், கடைசியில் நடந்து சேர்ந்தோம். குடைவரைக் கோயிலின் தூண்களைப் பார்த்ததும் நான் வழக்கம்போல் வகுப்பெடுக்கத் தொடங்கினேன். மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை, பல்லவர் காலத்துத் தூண் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன். "போதும் டீச்சரு, தூணு ஓடிடப் போவுது" என்று சொல்லிவிட்டு அவள் அந்தத் தூண்களை நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள். என்னிடம் இருந்தது பொத்தான் வைத்த கைபேசி. படங்களெல்லாம் அவளுடைய கைபேசியில் எடுத்தவைதான். நாங்கள் இருவரும் சேர்ந்து நிற்க வேண்டும் என்றால் அந்தப் பக்கம் போகிறவர் யாரிடமாவது நீட்டுவோம். பூக்காரர், ஆடு மேய்ப்பவர், சாமி கும்பிட வந்தவர் என்று யார் கையிலெல்லாமோ அந்தக் கைபேசி போய்வந்திருக்கிறது. பாதிப் படங்களில் எங்கள் தலை இருக்காது.

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் எடுத்த படம் மட்டும் மிக நன்றாக வந்திருந்தது. எடுத்தவர் கோட்டை வாசலில் வெள்ளரிக்காய் விற்கும் அக்கா. கூடையை நிழலில் வைத்துவிட்டு அன்று ஏனோ பாதி மலைவரை ஏறி வந்திருந்தார். வாங்கிய பிஞ்சைக் குரங்கு பறித்துக்கொண்டு ஓடிய அடுத்த நொடி அது. நான் இடது கையைக் கௌசியின் தோளில் போட்டுக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரிக்கிறேன். எங்களுக்குப் பின்னால் வெறும் வானம். என் வாழ்நாளில் நான் அவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கும் படம் வேறு கிடையாது.

மேல்மலையனூர்க் கோயிலுக்கு நாங்கள் போனது ஓர் அமாவாசை ஞாயிறு. அத்தனை கூட்டத்தில் நம்மை யார் பார்க்கப் போகிறார்கள் என்பது கௌசியின் தைரியம். பார்த்தார்கள். எங்களைக் கடந்து போன ஆயிரக்கணக்கான முகங்களில் ஒன்று, பின்னால் அவளைப் பெண் கேட்டு வரப்போகிற வீட்டின் அத்தை என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? அன்று கொண்டுவந்த குங்குமப் பொட்டலம் பக்கத்தில் வீங்கிக்கொண்டு நின்றதால் ஆல்பம் சரியாக மூடவில்லை என்பதுதான் எனக்கு அப்போது இருந்த ஒரே கவலை.

அந்த ஆண்டு மாசியில் எனக்கொரு வேலை கிடைத்தது. மதுரையில், கிராமத்துப் பெண்களுக்குப் பஞ்சாயத்து நடைமுறைகளைக் கற்றுத்தரும் ஓர் அமைப்பு. ஆறு மாதப் பயிற்சி, பிறகு நிரந்தரம். நைனா என்று நான் கூப்பிடும் அப்பா நெல் மண்டியில் எடை போடுகிறவர். எதையும் தட்டில் வைத்துப் பார்க்காமல் பேசமாட்டார். நான்கு நாள் யோசித்தார். ஐந்தாம் நாள், "போய்ட்டு வாம்மா. உன் மேல நம்பிக்கை இருக்குது" என்றார். சேர வேண்டிய நாளுக்குப் பதினைந்து நாள் இருந்தது. அம்மா எனக்காகப் பருப்புப்பொடி இடித்துவைத்தாள்.

அதே நாட்களில்தான் கௌசிக்கு மாப்பிள்ளை பார்த்து முடிவாகும் நிலை. ஒரு மாலை வீட்டுக்கு வந்தாள். ஆல்பம் அந்த மாதம் என்னிடம் இருந்தது.

"ஒரு நாலு நாளு குடுடி. படமெல்லாம் மங்கிப்போச்சி. புதுசா பிரிண்டு போட்டு வெக்கிறேன். நீ மதுரைக்கு எடுத்தும் போலாம் இல்ல?"

கல்யாண வேலைகளுக்கு நடுவில் இவளுக்கு இப்படித் தோன்றுகிறதே என்று நெகிழ்ந்துபோனேன். அம்மாவின் பழைய புடவைத் துண்டில் சுற்றிக் கொடுத்தேன். நன்றி என்றுகூடச் சொன்னதாக ஞாபகம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அந்தப் புடவைத் துண்டு கௌசியின் அண்ணன் முரளியின் கையில் வந்தது. அவர் பின்னால், செருப்பு விடும் இடத்திலேயே, கௌசி நின்றாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க பெரியப்பா. உங்க பொண்ணு நல்லதுக்குத்தான் வந்தேன்" என்று முரளி அண்ணன் தொடங்கினார். "பொண்ணு கேட்டு வந்தவங்க, உங்க கௌசி ஊர் சுத்துதாமேன்னு கேட்டாங்க. ஆல்பம் ஒண்ணு இருக்குதுன்னு எங்கம்மா சொன்னாங்க. வாங்கிப் பாத்தேன். எங்க கௌசி ஒரு படத்துலயும் இல்ல. செஞ்சி குடுத்தது மட்டும்தான் அவ. உள்ள இருக்கிறது உங்க பொண்ணுதான். பாருங்க."

நைனா கையைக் கழுவிவிட்டு வந்து பிரித்தார். நானும் குனிந்து பார்த்தேன்.

சிங்கவரத்துப் படியில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒருவர் உட்காரும் அளவுக்கு ஈரமில்லாத கல். மேல்மலையனூரில் என் அருகே யாரோ ஒரு கிழவரின் முதுகு. அடுத்த பக்கம் ராஜகிரி. வானத்தின் முன்னால் நான் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு, இடது கையை ஒரு கல் தூணின் மீது போட்டுக்கொண்டு நின்றேன். எவ்வளவு சுத்தமான வேலை! தூணின் நிழல்கூட என் நிழல் விழுந்த திசையிலேயே விழுந்திருந்தது. மூலைக் காகிதத்திலிருந்து பழைய படங்களை உருவிவிட்டுப் புதியவற்றைச் செருகுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பயணச்சீட்டுகளை மட்டும் அவளால் உரிக்க முடியவில்லை.

"டிக்கெட்டு ரெண்டு ரெண்டா இருக்குது" என்றார் நைனா. விரலை வைத்து மெதுவாகப் படித்தார். "போனோம், வந்தோம்னு எழுதியிருக்குது."

பிறகு தலைநிமிர்ந்து, "இந்தப் படமெல்லாம் யாரும்மா எடுத்தது?" என்றார்.

அம்மா சமையலறை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். ராஜகிரிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரப் பாத்துடி இப்டி சிரிக்கிற?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கௌசி படங்களிலிருந்து தன்னை மட்டும்தான் எடுத்திருந்தாள். ஆனால் ஒருத்தி இல்லாமற்போன இடத்தில், கேமராவுக்குப் பின்னால், ஓர் ஆண் வந்து நின்றுவிட்டான். ஒவ்வொரு பக்கத்திலும் அவனுக்கு ஒரு பயணச்சீட்டும் இருந்தது.

நான் கௌசியைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அவள் கல்யாணம் நிற்கும். சொல்லாவிட்டால் என் மதுரை போகும். விளைவுகளை நிறுத்துப் பார்க்கும் என் பழக்கத்தை அப்போதும் விடவில்லை. அவளே சொல்லிவிடுவாள், குறைந்தபட்சம் யாரும் கூட இல்லை பெரியப்பா என்றாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"எனக்கு இன்னா தெரியும் பெரியப்பா? டிசைன் பண்ணிக் குடுன்னா, பண்ணிக் குடுத்தேன். கூட யாரு போனாங்கன்னு நான் கேட்டுக்கல."

பிறகு நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கூட வந்தது இவள்தான், எடுத்தது வெள்ளரிக்காய் அக்கா, பூக்காரர், ஆடு மேய்ப்பவர் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். "படத்துல காட்டும்மா" என்றார் முரளி அண்ணன், அமைதியாக. அப்போது நான் செய்ததை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. நைனாவிடம் தூணைக் காட்டி வரலாறு சொன்னேன். "இது கோட்டைத் தூணே இல்ல நைனா. மேலயும் கீழயும் சதுரம், நடுவுல எட்டுப் பட்டை. சீயமங்கலத்துத் தூணு. பல்லவர் காலம். கோட்டை எத்தினியோ நூறு வருசம் கழிச்சி வந்தது. அந்த எடத்துல தூணே கெடையாது, வாங்க, காட்டறேன்."

"கோட்டைக்குப் போயி தூணு எண்ணச் சொல்றியாம்மா?" என்றார் நைனா.

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் இன்னும் வாதாடியிருப்பேன். அவர் களைத்துப்போன குரலில் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து அம்மாவை இழுத்துக்கொண்டு கோட்டை வாசலுக்குப் போனேன். வெள்ளரிக்காய் அக்கா என்னை நன்றாக உற்றுப் பார்த்தார். "தெனம் நூறு பேருக்கு எடுத்துக் குடுக்கறேன் கண்ணு. மூஞ்சி எங்க ஞாபகம் இருக்குது?" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி. ஒரு பிஞ்சை இலவசமாக நறுக்கிக் கொடுத்தார். மிளகாய்த்தூள் போட்டு அம்மா அதைத் தின்றாள்.

இப்போதெல்லாம் பேருந்தில் எனக்குக் கிடைக்கும் சீட்டில் மகளிர் என்று அச்சிட்டிருக்கிறது. கட்டணமில்லாப் பயணம் அன்று வந்திருந்தால், ஏட்டின் சிங்கவரத்துப் பக்கத்திலாவது அந்த ஒரு சொல் இரண்டு முறை இருந்திருக்கும். இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு எத்தனையோ முறை இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

கௌசியின் பக்கத்தையும் நான் எடைபோட்டுப் பார்க்காமல் இல்லை. படங்களை மாற்றியது பயத்தில் செய்தது என்று ஒப்புக்கொள்கிறேன். நான் அவள் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. வீட்டில் சொன்ன பொய்யில் எனக்கும் சம பங்கு உண்டு. எல்லாவற்றையும் ஒட்டிவைத்து எழுதிவைக்க வேண்டும் என்ற வெறி என்னுடையது மட்டுமே. ஆனால் 'கூட யாரு போனாங்கன்னு நான் கேட்டுக்கல' என்ற வாக்கியத்தை யாரும் அவளிடம் கேட்கவில்லை. கல்யாணத்தைக் காப்பாற்ற, தெரியாது என்பதே போதுமாக இருந்தது. அதற்கு மேல் அவள் சேர்த்துச் சொன்ன அந்த ஒரு வரி எங்கே போய் விழும் என்று அவளுக்குத் தெரியும். வெளிச்சம் எந்தத் தோளில் எப்படி விழும் என்று அரைநாள் பார்க்கிறவள் அவள்.

ஒரே ஒரு முறை அவளைத் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. அவள்தான் முதலில் வந்து பேசினாள்.

"நல்லா இருக்கியா டீச்சரு?"

"இருக்கேன்."

"அன்னிக்கு எனக்கு வேற ஒண்ணும் தோணலடி. நீ படிச்சவ, பேசத் தெரிஞ்சவ, எப்டியும் சமாளிச்சுக்குவன்னு நெனச்சேன்."

நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பட்டம் வாங்கியவர்கள். அதை அவளுக்கு நினைவூட்டத் தோன்றியது. அதற்குள் அவள் பேருந்து வந்துவிட்டது.

ஸ்டுடியோ இருந்த இடத்தில் இன்று கைபேசி உறை விற்கிறார்கள். பழைய கணினியை எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். எங்கள் அசல் படங்கள் அதனோடு போயிருக்கும். ஆல்பத்தை நைனா பரணில் போட்டார். போன பொங்கலுக்குச் சுத்தம் செய்தபோது திறந்து பார்த்தேன். இயந்திரத்தில் அடித்துக் கொடுத்த சீட்டுகள் எழுத்து அறவே மறைந்து வெள்ளைத் தாளாக இருந்தன. பசை மட்டும் பிடி தளரவில்லை.

மதுரை வேலைக்கு வேறொரு பெண் போனாள். கௌசியின் கல்யாணம் வைகாசியில் நன்றாக நடந்தது. அம்மா மட்டும் போய் மொய் எழுதிவிட்டு, தாம்பூலப் பையோடு திரும்பிவந்தாள். நான் செஞ்சியிலேயே இருக்கிறேன். நைனா என்னை ஒரு நாளும் திட்டியதில்லை. அந்தப் பேச்சை மறுபடி எடுத்ததும் இல்லை. நான் வெளியே கிளம்பும்போது, முன்பெல்லாம் எங்கே போகிறாய் என்று கேட்பார். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு, யாரோடு போகிறாய் என்று கேட்கிறார்.